‘ஐயோ பாவம்’ கேட்டு வளரும் பிள்ளைக்கு இரட்சிப்பைச் சொல்லுதல்

பாவத்தின் பிடியில் சிக்கித் தன் முயற்சியால் வெளியேற முடியாத மனிதரை இயேசு கிறிஸ்துவின் வாழ்வாலும் சாவாலும் உயிர்த்தெழுதலாலும் இறைவன் விடுவித்துத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் செயலையே கிறித்தவ இறையியல் இரட்சிப்பு என்று அழைக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இந்த வரையறை போதும். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த லாபிஸ் நகரில், ஞாயிறு பள்ளிப் பாயில் சம்மணமிட்டு அமரும் ஆறு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு இதன் முதல் சொல்லே இடறுகிறது. அந்தப் பிள்ளை வீட்டில் அறிந்திருக்கும் ‘பாவம்’ வேறு. கால் நொண்டும் பூனைக்குட்டியைக் கண்டால் பாட்டி ‘ஐயோ பாவம்’ என்கிறாள். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் தம்பி பாவம். மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வரும் தபால்காரர் பாவம். அன்றாடப் பேச்சில் அச்சொல் இரக்கத்துக்கு உரியது, குற்றத்துக்கு உரியது அன்று. ‘பாவி’ என்பதோ, விளையாட்டில் ஏமாற்றியவனைப் பார்த்து ‘அடப்பாவி’ என்று கத்தும்போது வரும் ஏச்சு. ஆகவே ‘நாம் எல்லாரும் பாவிகள்’ என்று ஆசிரியை தொடங்கும்போது, பிள்ளைகளில் சிலர் தங்களை யாரோ திட்டுவதாகவும், சிலர் தங்களுக்காக யாரோ பரிதாபப்படுவதாகவும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இதைப் பிள்ளையின் அறியாமை என்று தள்ளிவிட்டு, பாவம் என்றால் கீழ்ப்படியாமை, கீழ்ப்படியாமைக்குத் தண்டனை உண்டு என்று வரிசையாகச் சொல்லிப்போவதுதான் பெரும்பாலான பாடக்குறிப்புகளின் வழக்கம். அது தவறான தொடக்கம். பேச்சுத் தமிழ் இந்தச் சொல்லுக்குள் இரக்கத்தைச் சேமித்து வைத்திருப்பது ஆசிரியருக்கு இடையூறு ஆகாது, கைம்முதல் ஆகும். மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப்போல் அலைந்த கூட்டத்தைக் கண்டு இயேசு மனம் உருகினார் என்று மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் சொல்லும் இடத்தை லாபிஸ் பாட்டியின் மொழியில் பெயர்த்தால், அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றார் என்றுதான் வரும். மனிதர் செய்த குற்றத்தைப் பிள்ளைக்குச் சொல்லும் முன்னர் மனிதர்மேல் இறைவன் கொண்ட இரக்கத்தைச் சொல்ல வேண்டும். இரக்கம் புரிந்த பிள்ளைக்குக் குற்றம் புரிய வழியுண்டு, குற்றத்தை மட்டும் கேட்ட பிள்ளை இரக்கத்தைப் பெரும்பாலும் நம்புவதில்லை.

இரட்சிப்பு என்ற சொல்லும் பிள்ளையின் நாவில் புழங்குவதன்று. காத்தல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல், சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் வழியாக நிலைபெற்று, கோயில் சுவருக்கு வெளியே ஏறக்குறைய வழக்கற்றுப் போயிற்று. கத்தோலிக்கர்களும் பிற சபைகள் பலவும் கூடி உருவாக்கிய 1995ஆம் ஆண்டின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, அதே இடங்களில் ‘மீட்பு’ என்று எழுதுகிறது. இதற்கு முந்தைய தலைமுறையினர் ‘ஈடேற்றம்’ என்றும் சொன்னதுண்டு. ஒரே தெருவில் வாழும் மெதடிஸ்டு வீட்டுப் பிள்ளையும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையும் தமிழ்ப்பள்ளியில் ஒரே மேசையில் அமர்ந்துகொண்டு, ஒருத்தி இரட்சகர் என்றும் மற்றொருத்தி மீட்பர் என்றும் ஒருவரையே அழைக்கிறார்கள். ஞாயிறு பள்ளி என்று ஒரு சபையும் மறைக்கல்வி என்று இன்னொரு சபையும் பெயரிட்டு நடத்தும் வகுப்புகளில் இந்த இரண்டு சொற்களையும் அறிமுகம் செய்துவிடுவது நல்லது. பிள்ளைகள் குழம்புவதில்லை, குழம்புவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இந்த இரண்டோடு மூன்றாவது ஒரு சொல்லும் லாபிஸ் பிள்ளையிடம் உண்டு, அதுவே மூன்றிலும் அதிகம் புழங்குவது. மலாய் மொழிப் பாடத்துக்கு ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் எழுந்து நின்று ‘செலாமாட் பாகி’ என்று பிள்ளைகள் வணங்குகிறார்கள். ஊர் எல்லையில் ‘செலாமாட் டத்தாங்’ என்ற பலகை வரவேற்கிறது. கட்டுமான இடங்களிலும் தொழிற்சாலை வாயில்களிலும் பாதுகாப்பை முன்னிறுத்தும் அறிவிப்புகளில் ‘கெசெலாமாத்தான்’ என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. நலம், பத்திரம், ஆபத்து நீங்கிய நிலை என்று பொருள்படும் அதே வேரிலிருந்துதான் மலாய் மொழி வேதாகமத்தில் இரட்சிப்பைக் குறிக்கும் ‘கெசெலாமாத்தான்’ என்ற சொல்லும் இரட்சகரைக் குறிக்கும் ‘ஜுருசெலாமாட்’ என்ற சொல்லும் வருகின்றன. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலும் நிலைமை இதுவே: மீட்பதைக் குறிக்கும் ‘சோசோ’ என்ற வினைச்சொல், நோயாளியைக் குணமாக்குவதற்கும், நீரில் மூழ்குபவனைக் கைதூக்கி விடுவதற்கும், பாவத்திலிருந்து விடுவிப்பதற்கும் பொதுவாக ஆளப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமடைந்த நிகழ்ச்சியிலும், புயலில் படகு தத்தளித்தபோது சீடர்கள் அலறிய இடத்திலும் இச்சொல்லே பயின்று வருகிறது. காலைதோறும் வாயாரச் சொல்லும் வணக்கச் சொல்லின் உள்ளே தான் கற்க வேண்டிய பொருள் இருக்கிறது என்று காட்டினால், மீட்பு என்பது சாவுக்குப் பின் கிடைக்கும் ஒரு நுழைவுச்சீட்டு என்ற குறுகிய எண்ணம் பிள்ளையிடம் வேர்விடாது.

‘மீட்பு’ என்ற சொல்லை விளக்கத் தமிழ் ஆசிரியர்கள் பலரும் எடுத்தாளும் உவமை அடகுக்கடை. பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடைக்கும் காலணிக்கும் புத்தகப்பைக்கும் பணம் தேவைப்படும்போது அம்மாவின் சங்கிலி கம்பி வலைக்கு அப்பால் போவதையும், ஒரு துண்டுச்சீட்டு மட்டும் வீடு திரும்புவதையும், அந்தச் சீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருப்பதையும், பல மாதம் கழித்து வட்டியும் முதலும் கட்டிச் சங்கிலியை ‘மீட்டு’ வந்த நாளில் அம்மாவின் முகம் மாறுவதையும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். சங்கிலி அடகில் இருந்த நாளெல்லாம் அது அம்மாவுடையதாகவே இருந்தது, ஆனால் அம்மாவிடம் இல்லை. அம்மா அதை மறக்கவும் இல்லை. உரியவரிடம் திரும்பி வருதல் என்ற கருத்தைப் பிள்ளைக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான காட்சி லாபிசில் வேறில்லை.

உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு, அந்த எல்லையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ‘இயேசு யாரிடம் காசு கட்டினார்?’ என்ற கேள்வி எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து எளிதாக வரும். இதே கேள்வியோடு திருச்சபையின் மிகப் பெரிய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் போராடினார்கள் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் பிள்ளையை அடக்கமாட்டார். மீட்புவிலை சாத்தானுக்குச் செலுத்தப்பட்டது என்று 3ஆம் நூற்றாண்டில் ஒரிகென் கருதினார். கொள்ளைக்காரனுக்கு இறைவன் கடன்படுவதா என்று 4ஆம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் கிரகோரியார் அதை மறுத்தார். மனிதர் இறைவனுக்குச் செலுத்தத் தவறிய மதிப்பைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்று 1098இல் முடித்த தம் நூலில் அன்செல்ம் வாதிட்டார். இவற்றுள் எதையும் பிள்ளையிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘யாருக்கும் காசு கட்டவில்லை, ஆனால் நம்மைத் திரும்பப் பெறுவதற்காகத் தம்மையே முழுவதும் கொடுத்தார்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, உவமை அங்கே முடிகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

சிறுவர்க்குச் சமயம் கற்பிக்கும் ஆவல் தமிழ் அச்சுக்கலையின் தொட்டிலிலேயே இருந்தது என்பது தமிழர் பலர் எண்ணிப் பாராத உண்மை. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அமைத்து 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற நூலின் பெயருக்கே அரிச்சுவடி என்பதுதான் பொருள். தமிழ் எழுத்திலேயே அச்சேறிய முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’, என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் முயற்சியால் 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியில் அவர் வெளியிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’, போர்த்துகலின் மார்க்கோசு ஜார்ஜ் சிறுவர்களுக்காகவே உரையாடல் வடிவில் எழுதிய மறைநூலைத் தழுவியது. ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் இந்த வடிவத்துக்கு வினாவிடை ஞானோபதேசம் என்று பெயர். தமிழ் எழுத்தில் அச்சான இரண்டாவது நூலே குழந்தைகளுக்கு மீட்பைக் கற்பிக்கும் முறையில் அமைந்தது என்பது சிறிய செய்தியன்று.

அந்நூல்களுக்கு முன்பே வாய்வழிக் கற்பித்தல் தொடங்கிவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பிப் பெரியவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார், நோயாளிகளுக்காக மன்றாடவும் அனுப்பினார். 1545இல் அவர் மலாக்காவுக்கு வந்து அங்கும் அதே பணியைத் தொடர்ந்தார், மன்றாட்டுகளை மலாய் மொழியிலும் ஆக்கிக்கொண்டார். (லாபிஸ் கத்தோலிக்கர் இன்று சேர்ந்திருக்கும் மறைமாவட்டம் 1972இல் நிறுவப்பட்ட மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் ஆகும், தமிழும் மலாயும் கலந்து பேசும் பிள்ளையின் முன் நிற்கும் இன்றைய ஆசிரியையின் வேலை, அதே மண்ணில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது.) 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மாணவர்களோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார்; பிள்ளைகளிடம் கற்றவரே பின்னர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார், மார்ட்டின் லூதரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்.

லூதர் அந்தச் சிறு நூலை 1529இல் எழுதியபோது, சபைகளைப் பார்வையிடச் சென்று மக்களின் அறியாமையைக் கண்டு வருந்தியிருந்தார். கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், ஆண்டவர் கற்பித்த மன்றாட்டு ஆகிய ஒவ்வொன்றின் முடிவிலும் இதன் பொருள் என்ன என்று கேட்கும் முறையை அமைத்து, அதை வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும் என்று எழுதினார். கற்பிக்க வேண்டியவர் வீட்டுத் தலைவர் என்ற இந்தக் குறிப்பு காலப்போக்கில் காணாமற் போயிற்று. நூல் வீட்டிலிருந்து வகுப்புக்குச் சென்றதும், பொருள் என்ன என்ற கேள்வி ஒப்பிப்பதற்கான அடையாள ஒலியாகச் சுருங்கியது. கேள்வி முடியும் முன்னரே விடையைப் பாடத் தொடங்கும் பிள்ளைகளைக் கொண்ட வகுப்புகள் தமிழ்ச் சபைகளில் எங்கும் உண்டு. மனப்பாடத்தை இகழ வேண்டியதில்லை; ஐந்து வயதில் நெஞ்சில் பதிந்தது எழுபது வயதில் மருத்துவமனைக் கட்டிலில் துணைக்கு வருவதைப் போதகர்கள் அறிவார்கள். ஆயினும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியை நூலே கேட்டு, பிள்ளை தேட வேண்டிய விடையை நூலே தந்துவிடும்போது பிள்ளைக்கு எஞ்சுவது குரல் மட்டுமே. வினாவிடையை முடித்த பின் ஐந்து நிமிடமாவது பிள்ளைகள் கேட்க ஆசிரியர் திணறுவதற்கென்று ஒதுக்கினால், அந்த ஐந்து நிமிடமே அன்றைய பாடம்.

லாபிஸ் தமிழரின் கதை பெரும்பாலும் தோட்டத்தின் கதை. விடியும் முன் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்குப் போய்ப் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார், பச்சிளம் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகள் காலியாகிக் குடும்பங்கள் தாமான் எனப்படும் நகரத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்ததும், இளையவர்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனதும் பின்னர் நிகழ்ந்தவை. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இன்றும் பலர். பள்ளியில் முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி உண்டு. கிறித்தவப் போதனைக்கு அங்கே இடமில்லை. ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரம் கூடும் ஞாயிறு பள்ளியைத் தவிர வேறு வகுப்பு கிடையாது.

அந்த ஒரு மணி நேரமும் ஜொகூரில் எளிதாகக் கிடைக்கவில்லை என்பதைப் பிற மாநிலத்தார் அறியமாட்டார்கள். 2014ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் 2024 முடிய, பதினொரு ஆண்டுகள் இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. அரசாங்கப் பள்ளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் பள்ளி நாள். கோயில் மணி அடிக்கும் வேளையில் பிள்ளைகள் பள்ளிச் சபைக்கூடலில் வரிசையில் நின்றார்கள். வகுப்பை வெள்ளிக்கோ சனிக்கோ மாற்றிய சபைகளில் பிள்ளைகள் வந்தாலும், தனியார் நிறுவனத்தில் வேலை செய்த பெற்றோர் பலருக்கு அந்நாளில் விடுப்பில்லை. ஞாயிறு மாலைக்கு மாற்றியபோது மறுநாள் வீட்டுப்பாடம் குறுக்கிட்டது. குளோஸ்டர் நகரில் ஆறு நாளும் ஊசித் தொழிற்சாலையில் உழைத்த சிறுவர்களுக்கு ஓய்வுநாள் ஒன்றே மிச்சம் என்று கண்டு 1780இல் இராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். அந்த ஒரு நாளும் இல்லாமல் அதை நடத்திக் காட்டியவர்கள் ஜொகூர் ஆசிரியர்கள். சம்பளமில்லாத அந்த உழைப்பை எந்த வரலாற்று நூலும் இதுவரை போதிய அளவு பேசவில்லை.

நேரம் குறைவாக இருப்பதால் எழும் அவசரமே பெரிய தீங்கைச் செய்கிறது. பள்ளி விடுமுறையில் மூன்று நாளோ ஐந்து நாளோ நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் இறுதி நாளில், கண்களை மூடச் சொல்லி, இயேசுவை உள்ளத்தில் ஏற்றுக்கொள்ள விரும்புவோர் கையை உயர்த்துங்கள் என்று அழைத்து, உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கையில் எழுதும் வழக்கம் பல சபைகளில் உள்ளது. அழைப்பவரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த அக்காவின் முகம் மலர வேண்டும் என்பதற்காகவே கையை உயர்த்தும். அடுத்த ஆண்டும் உயர்த்தும். ‘உள்ளத்தில் வருவார்’ என்பதைக் கேட்டு, நெஞ்சுக்குள் ஓர் ஆள் எப்படி நுழைவார் என்று இரவில் யோசித்துக்கொண்டு படுத்திருக்கும். உருவகத்தை உருவகமாகப் பிரித்தறியும் ஆற்றல் அந்த வயதில் முழுமை பெறுவதில்லை என்பதைக் குழந்தை உளவியல் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. எண்ணிக்கை எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

எந்த வயதில் பிள்ளை மீட்பை உணர முடியும் என்பதில் திருச்சபைகள் ஒருமித்திருக்கவில்லை. லூத்தரன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அறிவு வந்த பின் திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் என்ற சடங்கில் பிள்ளை தானே அதை ஏற்றுக்கொள்ளச் செய்கின்றன. பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகள் பிள்ளை தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்னரே முழுக்கு கொடுக்கின்றன. நன்மை தீமையைப் பகுத்தறியும் வயது ஏறக்குறைய ஏழு என்று கொண்டு, அந்த வயதிலேயே பிள்ளைகள் புதுநன்மை வாங்கலாம் என்று திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் 1910இல் ஆணையிட்டார். கிறித்தவ வீட்டில் பிறந்த பிள்ளை தன்னைக் கிறித்தவன் அல்லன் என்று எண்ணிய நாளே இல்லாதபடி வளர வேண்டும் என்று அமெரிக்க இறையியலாளர் ஓரசு புஷ்னெல் 1847இல் வாதாடி, மனமாற்றக் கூட்டங்களை நம்பிய தம் காலத்தவரின் கண்டனத்துக்கு ஆளானார். அவர் பக்கமே நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. தாய்மொழியைப் பிள்ளை எந்த நாளில் கற்றது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் பிள்ளை பேசுகிறது.

கருவிகளிலும் கவனம் தேவை. எழுத்தே இல்லாமல் வண்ணத் தாள்களால் மட்டும் ஆன ‘சொல்லில்லாப் புத்தகம்’ உலகெங்கும் சிறுவர் ஊழியத்தில் வழங்கிவருகிறது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று தாள்களைக் கொண்டு பாவம், கிறிஸ்துவின் இரத்தம், தூய்மை ஆகியவற்றை இலண்டன் போதகர் ஸ்பர்ஜன் 1866இல் விளக்கினார். பொன்னிறமும் பச்சையும் பின்னர் சேர்ந்தன. தோட்ட வெயிலில் கறுத்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கறுப்புத் தாளைத் தூக்கிக்காட்டி இதுவே பாவத்தின் நிறம் என்றும், வெள்ளைத் தாளைக் காட்டி இதுவே இறைவன் விரும்பும் உள்ளம் என்றும் சொல்லும்போது, பிள்ளைகள் தங்கள் முழங்கையைப் பார்க்கிறார்கள். வெளுப்புக் களிம்பு விளம்பரங்களும் உறவினரின் கேலியும் ஏற்கெனவே செய்துவைத்த காயத்தின்மேல் நற்செய்தியின் பெயரால் உப்பு வைக்க வேண்டாம். இருள் என்றும் வெளிச்சம் என்றும் சொல்லலாம்: மின்சாரம் போன இரவில் பாட்டி ஏற்றிய மெழுகுவத்தியின் ஒளியில் எல்லார் முகமும் தெரிவதைப் பிள்ளைகள் அறிவார்கள், அந்த ஒளியில் கறுத்த முகமும் அழகாகவே தெரிகிறது.

ரோம் நகரில் 1954இல் சோஃபியா கவலெத்தியும் ஜியன்னா கோபியும் தொடங்கிய ‘நல்லாயன் மறைக்கல்வி’ இவ்விடத்தில் நல்ல துணை. சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மாண்டிசோரியின் முறையை ஒட்டி, சிறிய மரப் பொம்மைகளைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுக் கவனித்த அவ்விருவரும், மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்டவர்கள் தங்களைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆயனிடமே மகிழ்ந்து தங்குவதையும், குற்றம், மன்னிப்பு பற்றிய ஆர்வம் ஆறு வயதைத் தாண்டிய பின்னரே அரும்புவதையும் கண்டார்கள். முதலில் அன்பு, பிறகு குற்றவுணர்வு, அதன் பிறகு மன்னிப்பு என்ற இந்த வரிசையைப் பாடத்திட்டம் தலைகீழாக்கக் கூடாது.

காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொல்ல லாபிசில் பாலஸ்தீனப் படம் தேவையில்லை. தோட்டங்களில் ஆடு வளர்ப்போர் உண்டு. செம்பனை வரிசைகளுக்கு இடையில் மேய்ந்த மந்தை மாலையில் கொட்டகைக்குத் திரும்பும்போது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டைகள் குவிந்து முள்ளாகக் கிடக்கும். குலை உதிர்ந்த இடத்தில் கால் வழுக்கும். ஆறு மணிக்கே மரத்தடியில் இருட்டிவிடும். கைவிளக்கை எடுத்துக்கொண்டு, ஆட்டை அழைக்கும் ஒலியை எழுப்பியபடி வரிசை வரிசையாகத் தேடிப்போகும் ஆளின் முழங்காலில் மட்டை முள் கீறுகிறது. கண்டுபிடித்ததும் அவர் ஆட்டை அடிப்பதில்லை, தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், அது கனமாக இருக்கிறது. சிலுவையைப் பற்றி ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: தேடி வந்தவருக்குக் காயம் பட்டது, ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. ஆணியையும் சவுக்கையும் இரத்தத்தையும் விரித்துரைத்துப் பிள்ளைகளை அழவைப்பதைக் கற்பித்தலின் வெற்றியாகக் கொள்வது கொடுமை.

இனி, மிகக் கடினமான கேள்வி. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், ஏறக்குறைய 6 விழுக்காட்டினரே கிறித்தவர்கள். ஆகவே லாபிஸ் கிறித்தவப் பிள்ளையின் அத்தையோ, அம்மாவின் அம்மாவோ, அடுத்த வீட்டுத் தோழியோ விளக்கேற்றித் திருநீறு பூசும் வீட்டவராக இருப்பது இயல்பு. நரகத்தைக் காட்டி மீட்பைக் கற்பித்தால், வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளை முதலில் கேட்பது ‘அப்போ பாட்டி?’ என்பதே. தன்னைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்த பாட்டியைத் தீயில் கற்பனை செய்யும் சுமையை ஏழு வயது நெஞ்சில் ஏற்றுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. இறுதித் தீர்ப்பு என்ற கோட்பாட்டைத் திருச்சபை கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தீர்ப்பு வழங்குபவர் இறைவன், அவர் பாட்டியை நீ நேசிப்பதைக் காட்டிலும் அதிகமாக நேசிப்பவர் என்று ஆசிரியர் உறுதியாகச் சொல்லலாம், அது கிறித்தவ விசுவாசத்துக்குள் அடங்கிய விடைதான்.

இந்து வீட்டுப் பிள்ளைகள் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் தோழமைக்கும் ஞாயிறு பள்ளிக்கு வருவதுண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிக்க வேண்டும் என்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு வகுத்துள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும் அறம் அதையே கேட்கும். பெற்றோர் அறியாமல் ஒரு பிள்ளையை மன்றாடச் சொல்வது, தந்தைக்கும் தாய்க்கும் மதிப்புக் கொடு என்ற கட்டளையைக் கற்பிக்கும் வகுப்பிலேயே அதை மீறுவதாகும். பெற்றோரிடம் சென்று, வகுப்பில் என்ன சொல்லப்படுகிறது என்பதை விளக்கி, சம்மதம் கேட்டு, மறுத்தால் அதை ஏற்று, விளையாட வரும் பிள்ளையை அப்போதும் அன்போடு வரவேற்கும் ஆசிரியை, தாம் கற்பிப்பதைத் தாமே நம்புகிறவர்.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலை பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, பெற்றோருக்கும் கிடைத்திருக்கிறது. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுச் சந்தைக்கோ கோப்பிக்கடைக்கோ போய்விடாமல், மாதத்தில் ஒரு ஞாயிறாவது தாயும் தந்தையும் தாத்தாவும் பாட்டியும் உள்ளே வந்து பிள்ளையின் அருகில் அந்தப் பாயில் அமர்ந்து, அது கேட்கும் கேள்வியைத் தாங்களும் கேட்க வேண்டும்.